சாம்பலில் இருந்து வந்த உலோகம்: பொட்டாசியம்



போன கோடை லீவுல எங்க வீட்டில் ஒரு பெரிய சண்டை. யாருக்கும் யாருக்கும்னு கேக்குறீங்களா? எங்க தாத்தாவுக்கும் எங்க அம்மாவுக்கும். எதுக்குன்னா, ஒரு இளநீருக்காக!

தாத்தாவுக்குக் கொஞ்ச நாளா கால் வீக்கம். டவுன்ல டாக்டரிடம் கூட்டிக்கிட்டுப் போனோம். அவர் ரத்தப் பரிசோதனை செஞ்சு பார்த்துட்டு, "ஐயா, உங்க சிறுநீரகம் பழைய மாதிரி வேலை செய்யல. ரத்தத்துல பொட்டாசியம் கூடியிருக்கு. இனிமே இளநீர், வாழைப்பழம் ரெண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் தாத்தா தோப்புக்குப் போய் இளநீர் வெட்டச் சொன்னார். அம்மா, "வேண்டாம் மாமா, டாக்டர் சொன்னாருல்ல?" என்று தடுத்தார்கள். தாத்தாவுக்குக் கோபம் வந்துருச்சு. "தென்னந்தோப்பு வச்சிருக்கவன் இளநீர் குடிக்கக் கூடாதாம்! இளநீர்ல என்ன விஷமா இருக்கு?"

எனக்கும் அதே சந்தேகம்தான். இளநீர் உடம்புக்கு நல்லதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? பள்ளிக்கூடம் திறந்ததும் எங்க அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் சிரிச்சுக்கிட்டே, "உங்க தாத்தா தென்னைக்கு வைக்கிற பொட்டாஷ் உரத்துல இருக்கிறதும், இளநீர்ல இருக்கிறதும், சிவகாசித் தீக்குச்சியில இருக்கிறதும் ஒரே தனிமம்தான். படிச்சுப் பார்த்து சுவர் இதழுக்கு எழுது" என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

★ பெயர் வந்த கதை

வயலுக்குத் தேவையான மூன்று முக்கியச் சத்துகளை நம்ம ஊர் விவசாயிகள் எப்படிச் சொல்வாங்க? தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. இதில் சாம்பல் சத்து என்பதுதான் பொட்டாசியம்!

ஏன் சாம்பல்? மரத்தையும் செடியையும் எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற உப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் விறகுச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரைப் பெரிய பானையில் ஊற்றிக் காய்ச்சுவார்களாம். தண்ணீர் வற்றியதும் பானையில் வெள்ளை உப்பு தங்கும். ஆங்கிலத்தில் பானைக்கு 'பாட்', சாம்பலுக்கு 'ஆஷ்'. ரெண்டும் சேர்ந்து 'பொட்டாஷ்'. அதிலிருந்து 'பொட்டாசியம்'. அதாவது பானைச் சாம்பல்!

சரி, இந்தப் பெயர் ஆங்கிலத்தில் 'பி' எழுத்தில் தொடங்குகிறது. ஆனால் வேதியியலில் இதன் குறியீடு 'கே'. ஏன்? லத்தீன் மொழியில் இதன் பெயர் 'கேலியம்'. அது 'அல்கலி' என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்தது. அந்த அரபுச் சொல்லுக்கும் செடியின் சாம்பல் என்றுதான் அர்த்தம். தமிழ், ஆங்கிலம், அரபு என்று எந்தப் பக்கம் போனாலும் சாம்பலில்தான் வந்து நிற்கிறது பார்த்தீர்களா!

★ டேவி கண்டுபிடித்த உலோகம்

சாம்பல் உப்பு பல நூறு ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருந்தாலும், அதற்குள் ஒரு உலோகம் ஒளிந்திருப்பது யாருக்கும் தெரியாது. 1807-ஆம் ஆண்டு இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில், லேசாக ஈரப்படுத்திய பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். அது உருகியது. பாதரசம் போலப் பளபளப்பான குட்டிக் குட்டி உருண்டைகள் வெளியே வந்தன. சில உருண்டைகள் வந்த வேகத்திலேயே தீப்பிடித்து எரிந்தன. டேவிக்கு அப்போது வயது 28. சந்தோஷத்தில் ஆய்வுக்கூடத்திலேயே குதித்து ஆடினாராம்!

மின்னாற்பகுப்பு முறையில் பிரித்தெடுக்கப்பட்ட முதல் உலோகம் இதுதான். சில நாட்களிலேயே அதே முறையில் சோடியத்தையும் டேவி பிரித்தெடுத்தார்.

★ பொட்டாசியத்தின் அடையாள அட்டை

பெயர்: பொட்டாசியம்
குடும்பம்: கார உலோகங்கள் (லித்தியம், சோடியம் எல்லாம் சொந்தக்காரங்க)
அணு எண்: 19
அணு நிறை: 39.1
நிறம்: புதிதாக வெட்டினால் வெள்ளி போல, கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும்
அடர்த்தி: ஒரு கன செ.மீ.க்கு 0.86 கிராம்
உருகுநிலை: சுமார் 63.5 டிகிரி செல்சியஸ்
கொதிநிலை: சுமார் 760 டிகிரி செல்சியஸ்
சுடரின் நிறம்: இளம் ஊதா
வசிக்கும் இடம்: ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள், இயற்கையில் உப்புகளாக

உலோகம் என்றால் இரும்பு மாதிரி கெட்டியாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? பொட்டாசியத்தைச் சாதாரணக் கத்தியால் வெட்டலாம். தண்ணீரை விட லேசு, அதனால் தண்ணீரில் மிதக்கும். ஆறிப் போகாத டீயின் சூட்டிலேயே உருகிவிடும். (யாரும் டீயில் போட்டுப் பார்த்துறாதீங்க! ஏன்னு அடுத்த பத்தியைப் படிங்க.)

★ தண்ணீரைக் கண்டால் தீ!

ஒரு சின்னத் துண்டுப் பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் 'உஸ்ஸ்' என்று அங்கும் இங்கும் ஓடும். தண்ணீரில் இருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அந்தச் சூட்டிலேயே ஹைட்ரஜன் தீப்பிடித்து, இளம் ஊதா நிறத்தில் எரியும். மிஞ்சுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். தீயை அணைக்கிற தண்ணீரே இங்கே தீ வைக்கிறது! காற்றில் உள்ள ஈரமும் ஆக்சிஜனும் படக் கூடாது என்றுதான் இதை மண்ணெண்ணெய்க்குள் மூழ்க வைத்திருப்பார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? பொட்டாசியம் அணுவில் 19 எலக்ட்ரான்கள். அவை கூடுகளில் 2, 8, 8, 1 என்று உட்கார்ந்திருக்கும். கடைசிக் கூட்டில் ஒத்தை எலக்ட்ரான். பஸ் படிக்கட்டில் தொத்திக்கிட்டு வர்ற ஆள் மாதிரி, அது எப்போ இறங்கலாம்னு பார்த்துக்கிட்டே இருக்கும். எந்தப் பொருள் பக்கத்தில் வந்தாலும் அதனிடம் அந்த எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். சோடியத்திலும் ஒத்தை எலக்ட்ரான்தான். ஆனால் பொட்டாசியத்தில் அது அணுக்கருவை விட்டு இன்னும் தள்ளி இருப்பதால், இன்னும் சுலபமாகக் கழன்று விடுகிறது.

இப்போ ஒரு கேள்வி. வாழைப்பழத்திலும் பொட்டாசியம் இருக்கு என்கிறோமே, அதைச் சாப்பிட்டுத் தண்ணீர் குடிச்சா வயிறு ஏன் வெடிக்கவில்லை?

விடை: வாழைப்பழத்தில் இருப்பது உலோகம் அல்ல. ஏற்கெனவே எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு அமைதியான பொட்டாசியம் அயனி. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாச்சு, இனி சண்டை இல்லை. மண்ணிலும், கடலிலும், செடியிலும், நம் உடம்பிலும் இருப்பது எல்லாமே இந்த அயனிதான். தனியாக உலோகமாக இயற்கையில் எங்குமே கிடைக்காது. ஆகவே, பொட்டாசியம் நல்லதா கெட்டதா என்று கேட்கக் கூடாது. எந்த நிலையில், யாரோடு சேர்ந்து, எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும்.

★ நம்ம வயலில்

மலை அடிவாரத்தில் இருக்கும் நம்ம பகுதியில் நெல், தென்னை, வாழை, மா எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் சாம்பல் சத்து வேண்டும். கடையில் 'பொட்டாஷ்' என்று மூட்டையில் விற்பது பொட்டாசியம் குளோரைடு. இந்தியா தனக்கு வேண்டிய பொட்டாஷுக்குப் பெரும்பாலும் வெளிநாடுகளைத்தான் நம்பி இருக்கிறது. கனடா, ரஷ்யா போன்ற நாடுகளில் பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டி எடுக்கிறார்கள். ஆதிகாலத்தில் கடல் வற்றி விட்டுப் போன உப்பு அது!

செடிக்கு இது என்ன செய்கிறது?

1. இலையில் உள்ள குட்டித் துளைகள் திறந்து மூடுவதற்குப் பொட்டாசியம் வேண்டும். சரியாக மூடினால்தான் வெயிலில் செடி தண்ணீரை வீணாக்காது.
2. இலையில் தயாரான மாவுச்சத்தும் சர்க்கரையும் காய்க்கும் கிழங்குக்கும் போய்ச் சேர உதவும்.
3. தண்டு உறுதியாகும். காற்றடித்தால் நெல் சாய்வது குறையும். நோய் தாங்கும் சக்தி கூடும்.

சத்து குறைந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அடியில் உள்ள முதிர்ந்த இலைகளின் ஓரம் முதலில் மஞ்சளாகி, பிறகு தீய்ந்தது போலக் காய்ந்துவிடும்.

காய்க்கிற ஒரு தென்னை மரத்துக்கு ஒரு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்திருக்கிறது. இதைச் சத்துக் கணக்கில் பார்த்தால் தழைச்சத்து 560 கிராம், மணிச்சத்து 320 கிராம், சாம்பல் சத்து 1200 கிராம். சாம்பல் சத்துதான் ரொம்ப அதிகம்! அவ்வளவும் எங்கே போகிறது? மட்டைக்கும், காய்க்கும், இளநீருக்கும்தான்.

இன்னொரு விஷயம். நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு நெல்மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. அந்த வைக்கோலைத் தின்ற மாட்டின் எருவை வயலுக்கே போட்ட நம்ம முன்னோர்கள் பொட்டாசியத்தைத் திரும்ப மண்ணுக்கே கொடுத்திருக்கிறார்கள்!

★ நம்ம வீட்டில்

எங்க பாட்டி பாத்திரத்தைச் சாம்பலும் தேங்காய் நாரும் வச்சுத்தான் தேய்ப்பாங்க. எண்ணெய்ப் பிசுக்கு எப்படிப் போகிறது? சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் காரத்தன்மை உள்ளது. அது எண்ணெயோடு சேர்ந்து கொஞ்சம் சோப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்: ஒரு வெள்ளைத் தாளில் மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவிக் காய வையுங்கள். இரண்டு கரண்டி விறகுச் சாம்பலை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, தெளிந்ததும் துணியில் வடிகட்டுங்கள். அந்த நீரை மஞ்சள் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். செங்காவி நிறமாக மாறும்! அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். (கண்ணில் படக் கூடாது. செய்து முடித்ததும் கை கழுவவும்.)

இன்னும் சில உறவினர்கள்:
- படிகாரம்: பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட் உப்பு. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும். முடி திருத்தும் கடையில் சவரம் செய்த பின் தடவுவதும் இதுதான்.
- பொட்டாசியம் பெர்மாங்கனேட்: நம்ம ஆய்வகத்தில் உள்ள கரு ஊதாப் படிகம். கிருமிநாசினி. ஒரு சிட்டிகை போட்டால் ஒரு வாளித் தண்ணீரே ஊதா ஆகிவிடும்.
- பொட்டாசியம் ஹைட்ராக்சைடு: திரவ சோப்பு, மென்மையான சோப்பு செய்ய உதவும். தோலை அரிக்கும், கவனம்!

★ நம்ம சிவகாசியில்

1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1923-இல் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டியின் பின்னாலேயே பட்டாசும் வந்தது. இந்த இரண்டுக்கும் உயிர்நாடி பொட்டாசிய உப்புகள்தான்.

தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கொஞ்சம் கந்தகம், பசை எல்லாம் இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். உரசியதும் பாஸ்பரஸ் பற்றும், குளோரேட் தன்னிடம் உள்ள ஆக்சிஜனைக் கொட்டும், தீ எரியும். தலை வேறு, பெட்டி வேறு என்று இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால்தான் இதற்குப் 'பாதுகாப்புத் தீக்குச்சி' என்று பெயர்.

கரிமருந்தில் பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், கரி மூன்றும் இருக்கும். பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு நம்ம மொழியில் 'வெடியுப்பு' என்று பொருத்தமான பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி நம்ம நாட்டில், முக்கியமாகப் பீகாரில் இருந்து, கப்பல் கப்பலாக வெடியுப்பை ஏற்றிக் கொண்டு போனது. எதற்கு? பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும்தான்!

சோடியம் நைட்ரேட்டும் ஆக்சிஜன் கொடுக்குமே, அதை ஏன் பயன்படுத்தவில்லை? அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மருந்து நமுத்துப் போகும். பொட்டாசிய உப்பு அப்படி ஈரத்தை இழுக்காது. நம்ம பக்கம் மழை குறைந்த வறண்ட பூமி என்பதும் இந்தத் தொழிலுக்குத் தோதாக அமைந்தது.

ஆனால் நண்பர்களே, இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். நம்ம வகுப்பிலேயே சில பேர் வீட்டில் பட்டாசு வேலைக்குப் போகிறார்கள். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்து போனார்கள். ஆக்சிஜன் கொடுக்கும் உப்பும், எரியும் பொருளும் ஒன்றாகக் கலந்து விட்டால், காற்றே தேவையில்லை. ஒரு உராய்வு, ஒரு பொறி போதும். மூடி வைத்து அணைக்கவும் முடியாது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் உராய்வுக்கே வெடிக்கும் என்பதால், அந்தக் கலவையில் பட்டாசு செய்ய மத்திய அரசு 1992-லேயே தடை போட்டது. தீக்குச்சித் தலைக்கு விலக்கு உண்டு.

அதனால தீக்குச்சி மருந்தைச் சுரண்டி விளையாடுறது, வெடிக்காத பட்டாசைப் பிரிச்சு மருந்தை ஒண்ணாக் கொட்டுறது, இதெல்லாம் நம்ம பசங்க தயவுசெய்து செய்யாதீங்க. வேடிக்கைக்குச் செஞ்சது விரலையும் கண்ணையும் கொண்டு போயிரும்.

★ நம்ம உடம்பில்: தாத்தாவின் கேள்விக்கு விடை

70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் இருக்கும். அதில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளே. வெளியே ரத்தத்தில் இருப்பது கொஞ்சமே கொஞ்சம். இந்த வித்தியாசம்தான் முக்கியம்! ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஒரு குட்டி 'பம்ப்' இருக்கிறது. அது 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். நம்ம கிணத்து மோட்டார் மாதிரி ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்கும். இதனால்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது, தசை சுருங்குகிறது, இதயம் துடிக்கிறது. இதை 1957-இல் கண்டறிந்த டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கோவுக்கு 1997-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 40 வருஷம் கழிச்சு!

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3.5 கிராம் பொட்டாசியம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 360 மில்லிகிராம், 100 மில்லி இளநீரில் சுமார் 250 மில்லிகிராம் இருக்கும். கீரை, உருளைக்கிழங்கு, பருப்பு, பால் எல்லாவற்றிலும் உண்டு. ஏன், பாலைச் சுண்டக் காய்ச்சிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவிலும் உண்டு! வயிற்றுப்போக்கு வந்தால் பொட்டாசியம் வெளியேறிச் சோர்ந்து போவோம். அதனால்தான் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள்.

நாம் சாப்பிட்டதில் மிச்சமானதை வெளியேற்றுவது சிறுநீரகம். நல்ல சிறுநீரகம் உள்ளவர் இளநீர் குடித்தால், வேண்டியது போக மீதி சிறுநீரில் போய்விடும். சிறுநீரகம் பழுதானால்? மீதி ரத்தத்திலேயே தங்கும். ஒரு லிட்டர் ரத்தத்தில் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது ஏறிக்கொண்டே போகும். செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள வித்தியாசம் குறையும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். முன்னறிவிப்பே இல்லாமல் இதயம் நின்றும் போகலாம்.

ஆக, இளநீரில் விஷம் இல்லை. மிச்சத்தை வெளியே அனுப்புகிற கதவு தாத்தாவுக்குச் சரியாகத் திறக்கவில்லை. அதுதான் விஷயம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்!

சிறுநீரக நோயாளிகள் வீட்டில் இருந்தால் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டாக்டரைக் கேட்காமல் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கொஞ்சம் குறையும். மற்றவர்கள் பயந்துக்கிட்டு இளநீரை நிறுத்த வேண்டாம்!

★ துணுக்கு மூலை

● இயற்கைப் பொட்டாசியத்தில் 10,000 அணுக்களுக்கு ஒன்று கதிரியக்கம் உள்ள பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டுகள்!
● காற்றில் ஏறக்குறைய 1 சதவீதம் ஆர்கான். அதில் பெரும்பகுதி பூமிக்குள் இருந்த பொட்டாசியம்-40 சிதைந்து உண்டானது.
● சோடியத்தின் மஞ்சள் சுடர் பொட்டாசியத்தின் ஊதாவை மறைத்துவிடும். அப்போது கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஊதா தெரியும்.

★ முடிவாக...

இதை எல்லாம் நோட்டில் எழுதி, ஒரு சாயங்காலம் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தார். முடித்ததும் கேட்டார்: "அப்போ, நான் மரத்துக்கு வச்ச பொட்டாஷுதான் இளநீரா திரும்பி எனக்கே வருதா தாயி?"

"ஆமா தாத்தா."

கொஞ்ச நேரம் தோப்புப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், "சரி, எனக்கு வேண்டாம். நீ குடி" என்று சொல்லி, எனக்கு ஒரு காய் வெட்டித் தரச் சொன்னார். அன்னைக்கு இருந்து வீட்டில் சண்டை இல்லை.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் டாக்டர் ஏதாவது வேண்டாம்னு சொல்லியிருந்தா, ஏன்னு கேட்டுத் தெரிஞ்சு, அவங்களுக்கு விளக்கமாச் சொல்லுங்க. காரணம் புரிஞ்சா அவங்களே கேட்டுக்குவாங்க.

விடுகதை: தண்ணியில போட்டா தீயா எரிவேன், மண்ணுல போட்டா காயா விளைவேன், குச்சியில இருந்தா சுடரா வருவேன். நான் யார்? (இவ்வளவு படிச்ச பிறகும் தெரியலைன்னா, மறுபடி மேலே இருந்து படிக்கவும்!)



ஆக்கம்: 10-ஆம் வகுப்பு மாணவி, கான்சாபுரம்